மட்டமான கதை எழுதியவள்

அந்த ஊரில் ஒரு பந்தைத் தரையில் வைத்தால், எந்தப் பக்கம் உருளலாம் என்று யோசித்துக்கொண்டே அது அங்கேயே இருந்துவிடும். அவ்வளவு மட்டமான பூமி. ஒரு காலத்தில் கடல் இருந்த இடம். கரை போட்டு, கால்வாய் வெட்டி, தண்ணீரை இறைத்துத் தள்ளி மனிதர்கள் உண்டாக்கிக்கொண்ட நிலம். மேடு கிடையாது, பள்ளம் கிடையாது, கண்ணை நிறுத்திவைக்க ஒரு மரம்கூடக் கிடையாது. வெளியூர்க்காரர்கள் வந்து இறங்கியதும், "அடேயப்பா, என்ன காத்தோட்டம்!" என்பார்கள். மறுநாளே காரணம் தெரியாமல் அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்க்க ஆரம்பிப்பார்கள். அப்புறம் ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்து ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த வெட்டவெளி கொஞ்சம் விஷமம் பிடித்ததுதான். தூரத்தில் ஒருவர் தெரிவார். வருகிறாரா போகிறாரா என்று சொல்ல முடியாது. வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு வந்து பார்த்தாலும் அதே அளவில் அதே இடத்தில் இருப்பார். வெயில் ஏறிவிட்டால் கானல் அவருடைய கால்களைத் தின்றுவிடும். உடம்பு மட்டும் மிதக்கும். எங்கேயோ யாரோ இருமுவது காதோரம் கேட்கும். திரும்பினால் ஆள் இருக்காது.

மற்றவர்களுக்கு இதெல்லாம் தொல்லை. நம்முடைய பெண்ணுக்கோ திகட்டாத தீனி.

அவள் அங்கிருந்த நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அந்த நிலம் கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்ந்துகொண்டே இருந்ததால், எந்தக் கரை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வதற்காகவே ஏற்பட்ட அலுவலகம் அது. சக ஊழியர்கள் அவளுக்கு 'ரசமட்டம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கொத்தனார்கள் சுவரில் வைத்துப் பார்ப்பார்களே, கண்ணாடிக்குள் குமிழி ஓடும் கருவி, அதுதான். தலையில் இடி விழுந்தது என்று சொன்னாலும் அவள் முகத்தில் குமிழி நடுவிலேயே நிற்குமாம். அந்த அசையாத முகத்துக்குப் பின்னால் எவ்வளவு குறும்பு இருந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. மனிதர்களைப் பயமுறுத்த வேண்டும் என்பதுதான் அவளுடைய வாழ்நாள் ஆசை.

அவளுடைய வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முக்காலியை நிறுத்தி, அதன்மேல் தொலைநோக்கி போன்ற ஒரு குழாயைப் பொருத்தி, குமிழி நடுவுக்கு வரும்வரை திருகுகளைத் திருகி மட்டம் பார்க்க வேண்டும். தூரத்தில் இன்னொருவர் எண்கள் எழுதிய உயரமான கோலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு நிற்பார். குழாய் வழியாக அந்த எண்ணைப் படித்தால், அவர் நிற்கும் இடம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். மற்ற அலுவலகங்களுக்கெல்லாம் புதுக் கருவி வந்துவிட்டது. இவர்களுடையது பழைய காலத்துக் குழாய். அதில் பார்த்தால் எல்லாமே தலைகீழாகத் தெரியும். அதற்காகவே கோலில் எண்களையும் தலைகீழாக எழுதியிருப்பார்கள். ஆகவே குழாயில் எண் நேராக இருக்கும். கோலைப் பிடித்திருப்பவர் வௌவால் மாதிரி தொங்குவார்.

அப்படித் தினமும் தொங்கியவர் கோலண்ணன். கோல் பிடிப்பவர் என்பதால் அந்தப் பெயர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய வாய். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவரைத் தலைகீழாகப் பார்த்தபோது, நம் பெண்ணுக்குச் சிரிப்பும் வரவில்லை, தலையும் சுற்றவில்லை. 'இதை எழுதியே ஆக வேண்டும்' என்றுதான் தோன்றியது. அன்றிலிருந்து எழுத ஆரம்பித்தாள். வெட்டவெளியில் கண்ணுக்கு எட்டியவரை கோலண்ணனைத் தவிர வேறு மனிதர் கிடையாது என்பதால், ஒவ்வொரு கதையிலும் சாவதற்கு அவரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

"ஏம்மா, போன கதையில என்னைக் கால்வாயில தள்ளுன. அதுக்கு முந்தி மண்ணு முழுங்கிச்சு. ஒரு கதையிலயாவது என்னைப் பென்ஷன் வாங்க விடேன்" என்பார்.

"நீங்க பென்ஷன் வாங்குனா யாருண்ணே பயப்படுவாங்க?"

"என் பொண்டாட்டி பயப்படுவா. நாள் முழுக்க வீட்லயே இருப்பேனே!"

கதைகள் மோசமில்லை. ஒன்றில், தூரத்தில் ஒருவர் வருவதைக் காலையில் ஒரு குடும்பம் பார்க்கிறது. விருந்தாளி என்று நினைத்துச் சமைக்கிறார்கள். அவர் வந்து சேரவில்லை. மறுநாளும் அதே இடத்தில் தெரிகிறார். ஆனால் கொஞ்சம் பெரிதாக. நாளுக்கு நாள் பெரிதாகிறார், கிட்டே மட்டும் வருவதில்லை. கடைசியில் அவருடைய நிழலில்தான் அந்தக் குடும்பம் துணி காயப்போடுகிறது. நீங்களே சொல்லுங்கள், நல்ல கதைதானே? நகரத்து வார இதழின் ஆசிரியருக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் போனில் கேட்டபோது மனுஷர் அலுத்துக்கொண்டார்.

"பேய்க்கதைன்னா ஒரு பாழடைஞ்ச பங்களா வேணாமா? காடு, கிணறு, ஏதாவது ஒண்ணு வேணாமாம்மா? உன் கதையில பேய் ஒளியறதுக்கே எடம் இல்லையே!"

"அது ஒளியலையே சார். அதுதான் பயம்."

"நெலமும் மட்டம், கதையும் மட்டம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் இதைக் கேட்ட கோலண்ணன் நியாயமான ஒரு சந்தேகத்தை எழுப்பினார். "மட்டம்னு சொன்னா நல்லதுதானேம்மா? நம்ம ஆபீஸ்ல மட்டமா இருந்தாத்தானே கையெழுத்தே போடுவாங்க?"

அவள் முகம் அசையவில்லை. ஆனால் அடுத்த கதைக்கு 'மட்டம்' என்றே தலைப்பு வைத்தாள்.

இதற்கு நடுவில்தான் மாற்றல் உத்தரவு வந்தது. நகரத்தில் தலைமை அலுவலகம், பதவி உயர்வு, தனி மேசை, தலைக்கு மேல் மின்விசிறி. வேண்டுமா வேண்டாமா என்று மாதக் கடைசிக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும். வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும்தான். அம்மா துள்ளிக் குதித்தாள்.

அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். எதற்கும் பயப்படாத பிறவி. பிணவறையில் விளக்கு எரியாவிட்டால் தடவித் தடவிப் போய்ப் பல்பு மாட்டிவிட்டு வருவாள். "செத்தவங்க ஒருத்தரும் எனக்குத் தொந்தரவு குடுத்ததில்ல. உயிரோட இருக்கறவங்கதான் மாத்திரைய நாக்குக்கடியில ஒளிச்சு வெக்கிறாங்க" என்பாள். அப்படிப்பட்டவளுக்குத் தன் மகள் இந்தப் பொட்டல்வெளியில் வெயிலில் காய்ந்துகொண்டு, வராத பேய்களைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"நான் போயிட்டா இங்க உனக்கு யாரும்மா தொணை?" என்று மகள் கேட்டுப் பார்த்தாள்.

"எனக்கு எதுக்குடி தொணை? நீ போய்ப் பொழைக்கிற வழியப் பாரு."

உண்மையில் மகளுக்குத்தான் உள்ளூர நடுக்கம். தலைமை அலுவலகத்து ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துச் சுவர்தான் தெரியும் என்று கேள்விப்பட்டிருந்தாள். இந்த வெட்டவெளியை விட்டுப் போனால் தனக்கு ஒரு கதையும் வராது என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. ஊரையெல்லாம் பயமுறுத்தப் பார்த்தவள் இந்த ஒரு பயத்தில் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள்.

அம்மா கவனிக்காமல் இருப்பாளா? ஒரு நாள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பேரம் பேசினாள்.

"சரி, ஒண்ணு செய். உன் கதை அச்சுல வரட்டும். உன் கோழிக் கிறுக்கல என்னால படிக்க முடியாது. அச்சுல வந்து, நான் படிச்சு, எனக்குப் பயம் வந்துச்சுன்னா நீ இங்கயே கெட. நான் வாயத் தெறக்கல. பயம் வரலைன்னா மூட்டையக் கட்டு. நீ என்ன குட்டிக்கரணம் போட்டாலும் நான் பயப்பட மாட்டேன், அது வேற விஷயம்."

மகள் ஒப்புக்கொண்டாள்.

அதிர்ஷ்டம் பாருங்கள், வார இதழ் ஒரு பேய்க்கதைச் சிறப்பிதழ் போட்டது. போதுமான பேய்கள் கிடைக்கவில்லையோ என்னவோ, 'மட்டம்' தேர்வாகிவிட்டது. கதை இதுதான். ஒரு பெண் வெட்டவெளியில் மட்டம் பார்க்கிறாள். எல்லாம் தலைகீழாகத் தெரியும் குழாய் என்று முதல் பக்கத்திலேயே சொல்லியாகிவிட்டது. தூரத்தில் கோல்காரருக்குப் பக்கத்தில் இன்னொருவர் நிற்கிறார். வெறுங்கண்ணுக்கு இரண்டு புள்ளிகள், கானலில் நடுங்குகின்றன. கோல்காரரோ யாரையும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பெண் குனிந்து குழாயில் கண்ணை வைக்கிறாள். கோல்காரர் வழக்கம்போலத் தலைகீழாகத் தொங்குகிறார். கடைசி வரி: 'பக்கத்தில் நின்றவர் நேராகத் தெரிந்தார்.'

இதழ் வந்த அன்று கோலண்ணன் தானே போய் ஒரு கட்டு வாங்கிவந்து அலுவலகம் முழுக்க விநியோகம் செய்தார். எல்லோரும் படித்தார்கள். எல்லோரும் அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். "மிச்சம் அடுத்த வாரமா?" என்று ஒருவர் கேட்டார். கோலண்ணன் மட்டும் சந்தோஷமாக இருந்தார். "இந்தத் தடவை நான் சாகவே இல்லையேம்மா!"

வீட்டில் அம்மா கதையைப் படித்துக்கொண்டே நாற்காலியில் தூங்கிப்போயிருந்தாள். குறட்டை தெருவரை கேட்டது. எழுந்ததும், "நல்லா எழுதியிருக்கடி. அசந்து தூங்கிட்டேன்" என்று மனசாரப் பாராட்டினாள்.

மகள் இதழைப் பிடுங்கிக் கடைசி வரியைப் பார்த்தாள். 'பக்கத்தில் நின்றவர் தலைகீழாகத் தெரிந்தார்' என்று இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் திருத்தியிருந்தார். தலைகீழாகக் காட்டும் குழாயில் ஒருவர் தலைகீழாகத் தெரிந்தார். இதில் பயப்பட என்ன இருக்கிறது? எனக்கே கொட்டாவி வருகிறது.

அம்மாவிடம் விளக்கிச் சொல்லியிருக்கலாம். ஆனால் விளக்கிச் சொன்னால் பயம் வராது, சாக்குதான் தெரியும். "தோத்துட்டுக் காரணம் சொல்றியாக்கும்?" என்று கேட்பாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கழிவறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுது, முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

மறுநாள், மட்டம் பார்க்கிற வேலைக்கே மட்டம் போட்டுவிட்டாள் என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். அது உண்மையில்லை. பழைய கருவியின் ஒரு திருகு தளர்ந்து போயிருந்தது. நகரத்துக் கடையில் கொடுத்துச் சரிபார்க்க வேண்டியிருந்தது. அந்தச் சாக்கில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். கடையில் வேலை முடிந்ததும் நேராக வார இதழ் அலுவலகத்து மாடிப்படி ஏறினாள்.

திருத்தியவர் புரூஃப் பார்க்கும் பெரியவர். மூக்கின்மேல் ஒரு கண்ணாடி, நெற்றியின்மேல் ஒரு கண்ணாடி. அவள் கேட்டதும் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார்.

"நான்தாம்மா மாத்துனேன். குழாயில எல்லாமே தலைகீழாத்தான் தெரியும்னு மொதப் பக்கத்துல நீங்களே எழுதியிருக்கீங்க. கடைசி வரியில 'நேராக'ன்னு வந்தா அது பிழையா இல்லையா? தொடர்கதைல மொத அத்தியாயத்துல செத்துப்போன மாமா கடைசி அத்தியாயத்துல கல்யாணத்துக்கு வருவாரு. நான் இல்லைன்னா அவரை யாரு தடுக்கறது?"

அவளுக்குக் கோபப்பட முடியவில்லை. அவள் கதையின் முதல் வரியை ஞாபகம் வைத்துக்கொண்டு கடைசி வரி வரை படித்த ஒரே மனிதர் அவர்தான். ஆசிரியரும் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன பிரச்சினை? நல்லாத்தானே வந்திருக்கு?"

அவள் பெட்டியைத் திறந்தாள். ஜன்னல் ஓரமாக முக்காலியை நிறுத்தி, குழாயைத் தெருப்பக்கம் திருப்பி, குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தாள். "பாருங்க ஐயா."

பெரியவர் கண்ணை வைத்தார். "அட! அட! பஸ்ஸு தலைகீழா ஓடுது! அந்தக் குடைக்காரர் பாருங்க, குடை கீழ, காலு மேல!" அவ்வளவுதான், அலுவலகமே வரிசையில் நின்றது. தட்டச்சு செய்யும் பெண் பார்த்துவிட்டுச் சிரித்துச் சிரித்து இருமினாள். ஆசிரியர்கூட இரண்டாம் முறை பார்க்க வரிசையில் புகுந்தார். திரும்பவும் பெரியவர் முறை வந்தபோது அவள் அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மாறாத அதே முகத்தோடு கேட்டாள்.

"எல்லாரும் தலைகீழா இருக்காங்க இல்லீங்களா ஐயா? அந்தக் குடைக்காரர் மட்டும் நேராத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சா என்னம்மா, நேராத் தெரிஞ்சா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். குழாயிலிருந்து கண்ணை எடுத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நெற்றிக் கண்ணாடியை இறக்கி, குழாய் இல்லாமல் தெருவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"என்னய்யா? எனக்கு ஒண்ணும் புரியலையே" என்றார் ஆசிரியர்.

பெரியவர் அவர் காதில் ஏதோ சொன்னார். ஆசிரியர் நேரே போய், தன் கையாலேயே ஜன்னலைச் சாத்தினார். வெளியே பட்டப்பகல், தெருவெல்லாம் ஜனம்.

கதையை மறுபடி போட இடமில்லை என்று ஆசிரியர் கைவிரித்துவிட்டார். பெரியவர்தான், "திருத்தம் போட்டுருவோம்மா. என் தப்பு, நானே எழுதறேன்" என்றார். ஒரு வரி. அதுவும் பற்பசை விளம்பரத்துக்குக் கீழே. திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்கு நம்பிக்கையே இல்லை. பக்கத்தின் மூலையில் கிடக்கும் ஒரு வரியை யார் படிப்பார்கள்? எந்தப் பெட்டியில் துணியை வைப்பது, எதைக் கோலண்ணனுக்குக் கொடுத்துவிட்டுப் போவது என்று மனதுக்குள் மூட்டை கட்டிக்கொண்டே வந்தாள். அன்று அந்த வெட்டவெளியைப் பார்க்க அவளுக்குத் துக்கமாக இருந்தது.

அடுத்த இதழ் வந்தது. அம்மாவுக்கு அன்று விடுமுறை. மதியச் சாப்பாடு முடிந்து, சமையலறை மேசையில் உட்கார்ந்து இதழைப் படித்துக்கொண்டிருந்தாள். விளம்பரம்கூட விடாமல் படிப்பது அவள் வழக்கம். காசு கொடுத்து வாங்கியிருக்கிறோமே என்பாள். மகள் கழுவிய பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலைமை அலுவலகத்துக்குச் சம்மதம் எழுதிய காகிதம் அவள் பையில் தயாராக இருந்தது.

"உன்னப் பத்தி ஏதோ போட்டிருக்காங்கடி" என்று அம்மா உரக்கப் படித்தாள். "'திருத்தம். சென்ற இதழில் வெளிவந்த மட்டம் கதையின் கடைசி வரியில், தலைகீழாக என்பதை நேராக எனத் திருத்தி வாசிக்கவும்.' இதுக்கு ஒரு திருத்தமா? வேலையத்தவங்க."

மகள் ஒரு தட்டைத் துடைத்து அடுக்கினாள்.

அம்மா பக்கத்தைப் புரட்டினாள். இன்னொரு பக்கத்தையும் புரட்டினாள். பிறகு மெதுவாகப் பக்கங்களைப் பின்னால் புரட்டி அந்த வரிக்கே திரும்பி வந்தாள்.

"ஏண்டி, அந்தக் குழாயில எல்லாம் தலைகீழாத்தானே தெரியும்?"

"ஆமாம்மா."

"தரையில நேரா நிக்கிற கோல்காரன் தலைகீழாத் தெரிஞ்சான்."

"ஆமா."

"இவன் மட்டும் நேராத் தெரிஞ்சான்."

"ஆமாம்மா."

"அப்போ..." அம்மாவின் விரல் அந்த வரியின்மேலேயே நின்றது. "அப்போ அவன் அங்க தரையில எப்படிடி நின்னுட்டிருந்தான்?"

மகள் ஒரு கிண்ணத்தைத் துடைத்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெயிலில் நிலம் பளபளத்துக் கிடந்தது. தூரத்தில், கால்வாய்க் கரை என்று நினைக்கத்தக்க இடத்தில், யாரோ ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

"அது யாரு?"

"யாராச்சும் இருப்பாங்கம்மா."

"தல எது, காலு எது?"

"இங்கேருந்து எப்படிம்மா தெரியும்?"

அம்மா ஜன்னலைச் சாத்தினாள். பிறகு தாழ்ப்பாளும் போட்டாள். பிணவறையில் பல்பு மாட்டிய கைதான். தாழ்ப்பாள் ஒரே தடவையில் விழவில்லை.

"நீ டவுனுக்குப் போயிட்டா," என்றாள், இன்னும் ஜன்னலைப் பார்த்தபடியே, "இந்த வீட்ல யாருடி இருப்பா?"

"நீதாம்மா."

"நான் மட்டுமா?"

"நீ மட்டும்தான்."

"நாளைக்குக் காலையில மொத வேலையா வரலைன்னு எழுதிக் குடுத்துடு."

மகளுக்கு அந்த நிமிஷம் வந்த சந்தோஷத்தை நான் எழுதித் தீராது. பாத்திரத் துணியை வீசிவிட்டு ஓடிவந்து அம்மாவைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். அம்மா திடுக்கிட்டுத் துள்ளினாள்.

"விடுடி, பிசாசே! விடு!" என்று கத்தினாள். மகள் கையை எடுக்கப் போனாள்.

"இரு, விடாத. கொஞ்ச நேரம் இப்படியே இரு."